மறைந்திருக்கும் வேலி: ஸ்டோ தோட்டத்தின் முந்நூறு ஆண்டுகள்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஸ்டோ மாளிகையின் தெற்குப் படிகளில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சை. புல்வெளி மெல்லச் சரிந்து ஏரியைத் தொடுகிறது. ஏரிக்கு அப்பால் நிலம் மறுபடி மேடேறி, தோப்புகளுக்கு நடுவே அறுபது அடி உயரமுள்ள ஒரு கல்வளைவில் போய் முடிகிறது. தொலைவில் செம்மறிகள் மேய்கின்றன. அவை மேயும் நிலத்துக்கும் மாளிகையின் புல்வெளிக்கும் நடுவே வேலி எதுவும் தென்படவில்லை. ஆனாலும் ஓர் ஆடுகூட இந்தப் பக்கம் வருவதில்லை.

காரணம் கிட்டப் போனால்தான் தெரியும். புல்லுக்கு நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. தோட்டத்தை ஒட்டிய பக்கம் செங்குத்தான கல்சுவர். மேய்ச்சல் நிலத்தின் பக்கம் சாய்வான புல்சரிவு. ஆடு சரிவில் இறங்கிவிடும், சுவரில் ஏறாது. மாளிகையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சுவரின் உச்சி புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும். இதற்கு ‘ஹா-ஹா’ என்று பெயர். எதிர்பாராமல் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தவர்கள் வியந்து எழுப்பிய ஒலியே பெயராக நிலைத்தது என்று அக்கால எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதிவைத்திருக்கிறார். பிரான்சிலிருந்து வந்த உத்தி இது. அதை இங்கிலாந்தில் பெரிய அளவில் கையாண்டவர்களில் முக்கியமானவர் சார்லஸ் பிரிட்ஜ்மன்; அவர் அதைச் செய்து காட்டிய இடம் ஸ்டோ.

ஆங்கிலேயத் தோட்டம் பற்றிய விவாதம் முழுவதும் இந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் வருகிறது. கத்தரித்த செடிகள், நேர்க்கோட்டுப் பாதைகள், பீச்சும் நீரூற்றுகள் என்றிருந்த பழைய பாணியை உதறிவிட்டு, வளைந்த ஏரிகளும் தானாக முளைத்தவை போன்ற மரக்கூட்டங்களுமாகப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து ஒரு புதிய தோட்டத்தை உருவாக்கியது. அது இயற்கைக்குக் கிடைத்த விடுதலை என்றது ஒரு தரப்பு. ஊர் நிலத்தை வளைத்துக்கொண்டவர்கள் தங்கள் எல்லைக்கோட்டை அழகால் மூடிய வித்தை என்றது இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் சாட்சி சொல்ல ஸ்டோவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பிரிட்ஜ்மன், வில்லியம் கென்ட், லான்சலட் பிரவுன் என்று அந்தக் கலையை வளர்த்த மூவரும் அடுத்தடுத்து வேலை செய்த மண் அது.

ஸ்டோவின் கதையே ஆட்டில்தான் தொடங்குகிறது. வார்விக்ஷயரில் செம்மறி வளர்த்துப் பணம் சேர்த்த பீட்டர் டெம்பிள் 1571இல் இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் மகன் ஜான் 1589இல் அதை விலைக்கே வாங்கிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் குடும்பத்துக்குப் பட்டம் வந்தது; குன்றின்மேல் செங்கல் மாளிகை எழுந்தது. பிறகு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், மார்ல்பரோ பிரபுவின் கீழ்ப் பிரெஞ்சுக்காரர்களோடு போரிட்டுப் பெயர் எடுத்த தளபதி. 1715இல் சதக் நகரின் பீர் ஆலை முதலாளி மகளை மணந்தார். பெருஞ்சொத்து வந்து சேர்ந்தது. 1718இல் விஸ்கவுண்ட் காப்ஹம் ஆனார். கம்பளி, போர், பீர் மூன்றும் சேர்ந்து கொடுத்த பணம் தோட்டத்துக்குள் இறங்கியது.

‘டெம்பிள்’ என்றால் கோயில். கோயில்கள் எவ்வளவு இனியவை என்று பொருள்படும் லத்தீன் வாசகம்தான் அந்தக் குடும்பத்தின் முத்திரை மொழி. பெயரோடு விளையாடிய அந்த வாசகத்தைக் காப்ஹம் கல்லில் நிஜமாக்கினார். கோயில்களும் தூண்களும் பாலங்களும் குகைகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் நினைவுச் சின்னங்களும் இன்றும் அங்கே நிற்கின்றன. பூசை நடப்பதற்காக எழுந்த கோயில்கள் அல்ல இவை. நடந்து போகிறவர் நின்று பார்த்து, அதன் பொருளை யோசிக்க வேண்டும் என்பதற்காகக் கட்டியவை.

அந்தப் பொருள் பெரும்பாலும் அரசியல். 1733இல் பிரதமர் ராபர்ட் வால்போல் கொண்டுவந்த கலால் வரித் திட்டத்தைக் காப்ஹம் எதிர்த்தார். அதற்குத் தண்டனையாகப் படைப்பிரிவின் தலைமை பறிபோனது. ஊருக்குத் திரும்பிய தளபதி தன் கோபத்தையெல்லாம் தோட்டத்தில் கட்டினார். மாளிகைக்குக் கிழக்கே இருந்த சிறு பள்ளத்தாக்கை, இத்தாலியில் ஓவியம் பயின்று திரும்பிய வில்லியம் கென்ட் கையில் கொடுத்தார். கிரேக்கப் புராணத்தில் புண்ணியவான்கள் போய்ச் சேரும் எலிசியம் என்ற பெயரை அந்தப் பள்ளத்தாக்கு பெற்றது.

மேட்டில் வட்டமான ஒரு கோயில்: பண்டைய அறத்தின் கோயில். உள்ளே ஹோமர், சாக்ரடீஸ், லைகர்கஸ், எபமினோண்டஸ் நால்வரும் முழு உருவில் நிற்கிறார்கள். அதன் பக்கத்திலேயே தற்கால அறத்தின் கோயிலையும் காப்ஹம் கட்டுவித்தார். ஆனால் அதை இடிபாடாகவே கட்டுவித்தார். அதற்குள் தலையில்லாத ஒரு சிலை. அது யார் என்று அன்று வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. வால்போல்தான்.

மேட்டிலிருந்து கீழே பார்த்தால் ஒடுங்கிய நீரோடை, அதன் அக்கரையில் அரைவட்டமாக வளைந்த ஒரு கல்மண்டபம். மாடங்களில் பதினாறு மார்பளவுச் சிலைகள். ஒரு பக்கம் சிந்தித்தவர்கள்: ஷேக்ஸ்பியர், மில்டன், நியூட்டன், பேக்கன், லாக் முதலானோர். மறு பக்கம் செயல்பட்டவர்கள்: ஆல்பிரட் மன்னர், முதலாம் எலிசபெத், டிரேக், ராலே, மன்னரை எதிர்த்து வரிகொடுக்க மறுத்த ஹாம்டன் முதலானோர். பதினாறு பேரில் எலிசபெத் ஒருவரே பெண். சிலை வைத்தபோது உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பேர்: கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் சர் ஜான் பார்னர்டும். பார்னர்ட் லண்டன் வணிகர். கலால் மசோதாவை நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர். ஆல்பிரட் மன்னரோடு அவரையும் ஒரே வரிசையில் வைத்ததில் காப்ஹம் சொல்ல நினைத்தது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. காற்றில்லாத நாளில் அந்தப் பதினாறு முகங்களும் ஓடைநீரில் தலைகீழாக விழுகின்றன.

மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் ஒரு கல்வெட்டு. சிஞ்ஞோர் ஃபிடோ என்பவரின் நற்குணங்களை வரிசையாகப் பாடுகிறது: முழுமையான தத்துவஞானி, உண்மையான நண்பர், அன்பான கணவர் என்று நீளும் புகழ்மொழி. கடைசியில்தான் தெரிகிறது, ஃபிடோ ஒரு வேட்டை நாய். அந்த நாயை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

காப்ஹமுக்குப் பிள்ளைகள் இல்லை. மருமகன்களையும் அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து ஓர் அரசியல் அணியை வளர்த்தார். ‘காப்ஹமின் குட்டிகள்’ என்று அவர்களுக்குப் பெயர். அந்த அணியிலிருந்து வில்லியம் பிட், ஜார்ஜ் கிரென்வில் என்று இரண்டு பேர் பிற்காலத்தில் பிரதமர் ஆனார்கள். ஆகவே இந்தத் தோட்டத்தை ஒரு செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எதிர்க்கட்சியின் அலுவலகம் போலவே அது இயங்கியது.

1741இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் வேலைக்கு வந்தார். லான்சலட் பிரவுன். அடுத்த ஆண்டு தலைமைத் தோட்டக்காரர். ஆண்டுச் சம்பளம் 25 பவுண்டு. 1744இல் ஸ்டோ தேவாலயத்திலேயே திருமணமும் செய்துகொண்டார். பிற்காலத்தில் எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் இந்த நிலத்தில் நல்ல ‘சாத்தியங்கள்’ இருக்கின்றன என்று சொல்வாராம். அதனால் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்றே உலகம் அவரை அறிந்தது. அந்தப் பெயருக்கு முன்னோட்டம் ஸ்டோவின் வடகிழக்கில் இருக்கும் கிரேக்கப் பள்ளத்தாக்கு. இன்று பார்த்தால் ஆதியிலிருந்தே அப்படிக் கிடந்த நிலம் போல இருக்கிறது. 1747 முதல் சுமார் 18,000 கனமீட்டர் மண்ணை மண்வெட்டியாலும் தள்ளுவண்டியாலும் வெட்டி அகற்றிச் செய்த பள்ளம் அது. ‘இயற்கை’ என்ற சொல்லை ஆங்கிலேயத் தோட்டத்துக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை நினைக்க வேண்டும். காப்ஹம் 1749இல் இறந்தார். பிரவுன் 1751இல் ஸ்டோவை விட்டுப் புறப்பட்டு, பிளெனம், சாட்ஸ்வொர்த் உட்பட நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட எஸ்டேட்டுகளை அதே பாணியில் மாற்றினார்.

புகழ் அதற்குள் கடல் தாண்டிவிட்டது. தோட்டம் பார்க்க வருபவர்களுக்காக 1717லேயே வாசலில் ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். 1744இல் பக்கிங்ஹாம் நகரைச் சேர்ந்த பென்டன் சீலி ஸ்டோவுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். ஆங்கிலேயத் தோட்டம் ஒன்றுக்கு வந்த முதல் வழிகாட்டி அதுதான். ரஷ்யப் பேரரசி காதரினுக்காக வெஜ்வுட் நிறுவனம் 1770களில் செய்தளித்த விருந்துப் பாத்திரங்களில் ஸ்டோவின் காட்சிகள் பல தீட்டப்பட்டன. எல்லோரும் மயங்கிவிடவில்லை. 1761இல் வந்த தன் நாவலில் ரூசோ, இங்கே செயற்கை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று குறைபட்டார். 1786 ஏப்ரலில் அமெரிக்காவின் பிற்கால அதிபர்கள் இருவர், ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும், சேர்ந்து வந்தார்கள். ஜெஃபர்சன் கையில் தாமஸ் வேட்லியின் தோட்டக்கலை நூல் இருந்தது. தெற்கிலுள்ள பெரிய கல்வளைவு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத வீண்வேலை என்று குறித்துக்கொண்டார். அவர்கள் நாட்டைக் கொதிக்கவைத்த 1765ஆம் ஆண்டு முத்திரைத்தாள் வரியை விதித்தவர் ஸ்டோ குடும்பத்து ஜார்ஜ் கிரென்வில். சுதந்திரத்துக்குக் கோயில் கட்டிய குடும்பம் அது. அந்தச் சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வியை அமெரிக்கர்கள் ஏற்கெனவே போர்க்களத்தில் கேட்டு முடித்திருந்தார்கள்.

கேள்வியை இன்னும் கிட்டத்தில் கேட்கலாம். எலிசியத்தை ஒட்டி, அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய தேவாலயம் நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு சீமானின் தோட்டத்துக்குள் ஊர்த் தேவாலயம் எதற்கு? ஏனென்றால் அங்கே ஊர் இருந்தது. ஸ்டோ என்ற பெயரே அந்த ஊருடையதுதான். தோட்டம் வளர வளர வீடுகள் மறைந்தன, குடிகள் டாட்ஃபர்ட் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். இடிக்க முடியாத தேவாலயத்தைச் சுற்றி மரம் வளர்த்துக் கண்ணிலிருந்து மறைத்தார்கள். நாட்டின் மற்ற இடங்களிலும் இதே கதை நடந்தது: பொதுமேய்ச்சல் நிலங்களைத் தனியார் வேலிக்குள் கொண்டுவரும் சட்டங்கள் அந்த நூற்றாண்டில் வரிசையாக நிறைவேறின. 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், மான் திருடுவது, மரம் வெட்டுவது உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

இந்த இரு பக்கங்களில் எதை முதலில் வைக்கிறார்கள் என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். ஹொரேஸ் வால்போல் எழுதிய தோட்ட வரலாறு, கென்ட் வேலியைத் தாண்டியதும் இயற்கை முழுவதும் தோட்டமாகத் தெரிந்தது என்ற தொனியில் செல்கிறது. மன்னராட்சியின் வெர்சாய் நேர்க்கோடு, சுதந்திர இங்கிலாந்தின் வளைகோடு என்ற ஒப்பீடு அப்போது பிறந்து இருநூறு ஆண்டுகள் நீடித்தது. 1770களில் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ், பிரவுனின் பாணி வெறும் வயல்வெளிக்கு மேல் ஒன்றும் இல்லை என்று தாக்கினார். 1794இல் யூவடேல் பிரைஸும் ரிச்சர்ட் பெய்ன் நைட்டும் அது மழமழவென்று சலிப்பூட்டுகிறது, கரடுமுரடுதான் அழகு என்றார்கள். இவையெல்லாம் ரசனைச் சண்டைகள். 1973இல் ரேமண்ட் வில்லியம்ஸ் வேறு கேள்வியோடு வந்தார். உழுகிறவனுக்கு நிலம் ‘காட்சி’ ஆவதில்லை, விலகி நின்று பார்க்க வசதி உள்ளவனுக்கே அது காட்சி ஆகிறது என்ற கோணத்தில் கிராமத்தையும் நகரத்தையும் அலசினார். இரண்டாண்டு கழித்து வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் கறுப்புச் சட்டத்தின் வரலாற்றை எழுதினார். அதன்பிறகு எந்த ஹா-ஹாவையும் வெறும் தோட்ட உத்தியாக மட்டும் பார்க்க முடியவில்லை.

வில்லியம்ஸ் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் அதைச் சொல்வதற்காக எலிசியத்தின் அழகை மறுக்க வேண்டியதில்லை. கென்ட் அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் ஒளியையும் நீரையும் நிழலையும் அடுக்கிய விதம் ஓவியக் கலையின் சாதனை. அழகு உண்மை, அதற்குக் கொடுத்த விலையும் உண்மை.

அந்த விலை இங்கிலாந்தோடு நிற்கவுமில்லை. கிரேக்கப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் பெரிய கோயிலைக் காப்ஹமின் வாரிசான ஏர்ல் டெம்பிள், ஏழாண்டுப் போரின் வெற்றிக்கு அர்ப்பணித்தார். அதில் பதித்த சுடுமண் பதக்கங்களில் கியூபெக், மார்ட்டினிக், ஹவானா என்று வெற்றிகொண்ட இடங்களின் பெயர்கள். அவற்றுள் ஒன்று புதுச்சேரி. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்து, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன செய்தி அது. திருமணங்களின் வழியே அயர்லாந்து நிலங்களும், ஜமைக்காவின் ஹோப் தோட்டமும் குடும்பத்துக்கு வந்தன. அடிமை முறையை ஒழிக்கும் 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கொடுத்தபோது, ஹோப் தோட்டத்தின் 379 பேருக்காகக் குடும்பத் தலைவரான பக்கிங்ஹாம் டியூக் 6,630 பவுண்டு பெற்றார். இழப்பீடு உடைமையாளருக்குத்தான். அடிமைகளுக்கு ஒரு பைசா இல்லை. 2020இல், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களின் காலனிய, அடிமை வணிகத் தொடர்புகளைப் பட்டியலிட்டு அறிக்கை வெளியிட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பவர்கள் என்ன சொன்னாலும், செலவுக் கணக்கைப் பார்க்காமல் ஒரு வீட்டின் வரலாற்றை எழுத முடியாது.

வரவைவிடச் செலவு ஓங்கியே நின்றது. 1822இல் டியூக் பட்டம் பெற்ற குடும்பம், இருபத்தைந்தே ஆண்டில் திவாலானது. 1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணியை உபசரித்த இரண்டாம் டியூக்கின் கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. 1848 ஆகஸ்டு 15 முதல் நாற்பது நாள் கிறிஸ்டீஸ் ஏலம் நடந்தது. வெள்ளிப் பாத்திரம், ஓவியம், ஒயின், திரைச்சீலை எல்லாம் போயின. வந்தது 75,562 பவுண்டு. ஷேக்ஸ்பியரைப் பார்த்து வரைந்ததாகக் கருதப்படும் ‘சாண்டோஸ்’ ஓவியமும் அங்கேதான் 355 கினிக்குக் கைமாறியது. அதை வாங்கிய எல்ஸ்மியர் பிரபு பின்னர் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதன் சேகரிப்பில் முதல் எண் அந்தப் படத்துக்குத்தான்.

கடனை அடைக்கப் பாடுபட்டவர் மகன். ரயில்வே நிறுவனத் தலைவராகவும் காலனித் துறை அமைச்சராகவும் இருந்த மூன்றாம் டியூக், 1875 நவம்பரில் சென்னை மாகாண ஆளுநராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம். அவருடைய அரசு தானியம் வாங்கிச் சேர்த்தது. சந்தையில் தலையிடுவதாக வைஸ்ராய் லிட்டன் கண்டித்தார். லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் (பெயரை வைத்து இவரையும் காப்ஹமையும் குழப்பிக்கொள்ளக் கூடாது) நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்துக்கு நாள் முழுக்க மண் சுமந்தார்கள் மக்கள். மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துச் சுமார் எட்டுக் கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டப்பட்டது. 1806இல் பேசில் காக்ரேன் தொடங்கிய கடலோர நீர்வழியின் தொடர்ச்சி அது. முழு நீர்வழிக்கும் ஆளுநரின் பட்டப்பெயரையே வைத்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் வந்த கதை இதுதான்.

ஆண் வாரிசு இல்லாமல் 1889இல் அவர் இறந்தபோது டியூக் பட்டமும் முடிந்தது. அடுத்த தலைமுறை வாரிசு முதல் உலகப் போரில் 1914லேயே பலியானார். 1921இல் மீண்டும் ஏலம். வாரநாள்களின் தெய்வங்களாக ரைஸ்பிராக் செதுக்கிய ஏழு சாக்சன் சிலைகள் சிதறின. தெற்குப் படிகளில் காவலிருந்த சிங்கங்கள் பிளாக்பூல் நகரப் பூங்காவுக்குப் போயின. 1923 மே 11 அன்று 99 மாணவர்களோடு மாளிகையில் பள்ளி தொடங்கியது. அது வந்திராவிட்டால் மாளிகை இடிந்திருக்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் அப்படித்தான் போயின. ஆனால் பள்ளிக்கும் தோட்டத்தைக் காக்கும் வசதி இல்லை. பள்ளிக்குத் தேவாலயம் கட்ட வெற்றிக் கோயிலின் தூண்களையே கழற்றினார்கள். 1989இல் தோட்டம் தேசிய அறக்கட்டளைக்கு வந்த பிறகுதான் தூண்கள் புதிதாக நிறுத்தப்பட்டன, ஏரிகள் தூர்வாரப்பட்டன, சிலைகளுக்குப் பிரதிகள் வார்க்கப்பட்டன.

இங்கேதான் ஃபிடோ தேவைப்படுகிறது. காப்ஹம் காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஒரு நாய்க்குக் கல்வெட்டு கிடைத்தது. தள்ளுவண்டியில் மண் அள்ளியவர்களுக்கும், ஊரை விட்டுப் போன குடிகளுக்கும் குடும்பம் எழுப்பிய நினைவுச் சின்னங்களில் ஒரு வரி இல்லை. ஹோப் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கும் இல்லை. சென்னைக் கால்வாய் வெட்டியவர்கள் கதையும் அதுவே. அவர்கள் வெட்டிய வாய்க்கால் இன்று பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில் கழிவுநீர் சுமந்து கிடக்கிறது. பெயர் மட்டும் டியூக்குடையது.

ஸ்டோவுக்குப் போகும் தமிழர்களே, புதுச்சேரியின் பெயர் இருக்கும் அந்தப் பதக்கத்தைத் தேடிப் பாருங்கள். பதினாறு சிலைகளையும் பார்த்துவிட்டு, மரங்களுக்குள் மறைந்திருக்கும் ஊர்த் தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். இடம்பெயர்ந்துபோன ஸ்டோ கிராமத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.